பல் அடைப்பு அசைந்தால்...

 

நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது பல்லின் மேலுறையாகிய எனாமல் ஆகும். எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். ஆனால், எனாமலில் குழி விழுந்துவிட்டால் அது தானாக வளர்ந்து மூடுவதில்லை. ஆகவேதான் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குழியை அடைக்கிறார்கள். அவ்வாறு அடைத்த அடைப்பு அசைந்தால் யாது செய்வது என்பதை இங்குக் காண்போம்.

அடைப்பு ஏன் அசைகிறது?

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்யும் சாம்பல் நிற அடைப்பு நெடுங்காலமாக வழங்கி வருவது. பல்லின் நிறத்திலேயே அமையும் வெள்ளை அடைப்புகளும் உண்டு. எவ்வகையாயினும் அது என்றென்றும் நிலைப்பதன்று. நாள்தோறும் மெல்லும் அழுத்தமும், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்குவதும் அதனைத் தளர்த்துகின்றன. அடைப்பின் ஓரத்தில் புதிய சொத்தை தோன்றினாலும் பிடிப்பு விட்டுப்போகும்.

நம் பாகான் டத்தோ தென்னைக்குப் பெயர்பெற்ற ஊர். தேங்காய் மட்டையின் நாரைப் பல்லால் இழுப்பதும், ஓட்டில் ஒட்டிய பருப்பைக் கடித்துப் பெயர்ப்பதும் சிறுவர்க்கு விளையாட்டு. பல்லில் ஒட்டிக்கொள்ளும் தேங்காய் மிட்டாயோ அடைப்பையே இழுத்து வந்துவிடும். அடைத்த பல்லால் இவற்றைச் செய்தல் ஆகாது.

வலியின்மையே ஆபத்து

அடைப்பு அசையும்போது பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை. நாக்கில் கூர்மை தட்டுப்படும். உணவுத் துணுக்கு சிக்கும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். அவ்வளவே. "வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறோம். ஆனால், அந்த இடுக்கில் கிருமிகள் புகுந்து, சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை உள்ளேயே அரிக்கின்றன. நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை அவை எட்டிய பின்னரே கடும் வலி தொடங்குகிறது. அப்போது புதிய அடைப்பு மட்டும் போதாமற்போகலாம். வேர்ச் சிகிச்சை செய்யவோ பல்லைப் பிடுங்கவோ நேரிடும்.

"பால் பல்தானே" என்று விடலாமா?

பெற்றோர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். பால் பற்கள் 20. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து, பின்வரும் பற்களுக்கு இடம் காக்கின்றன. மேலும், ஏறத்தாழ 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே அவை முளைப்பதால், பலரும் அவற்றைப் பால் பல்லென எண்ணிவிடுகின்றனர். அவை நிலையான பற்கள். போனால் மீண்டும் முளையா. முதலாம் ஆண்டு மாணவனின் கடைவாயிலுள்ள அடைப்பு, அவன் முதுமை வரை மெல்ல வேண்டிய பல்லில் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. வாயில் உதிர்ந்த துண்டை விழுங்காமல் துப்பிவிடுக. விழுங்கிவிட்டால் பொதுவாகத் தீங்கில்லை. மூச்சுத் திணறலோ விடாத இருமலோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.
2. வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிக்கவும்.
3. மறுபக்கத்தால் மெல்லவும், இனிப்பைத் தவிர்க்கவும், அப்பல்லையும் மென்மையாகத் துலக்கவும்.
4. சில நாள்களுக்குள் பல் மருத்துவரிடம் காட்டவும். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே செல்லவும்.

செய்யத் தகாதவை

ஊக்கு, குச்சி கொண்டு குழியைக் குத்துதல் கூடாது. புகையிலையையோ கற்பூரத்தையோ குழியில் வைத்தல் கூடாது. வலி மாத்திரையைப் பொடித்து வைத்தால் ஈறு வெந்து புண்ணாகும். கிராம்பு சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யுமேயன்றி, சொத்தையை நிறுத்தாது.

ஒரு நாள் கூலியும் ஒரு பல்லும்

பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணவென்றே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி 1949இல் பினாங்கில் தொடங்கப்பெற்றது. அவ்வழி வந்தோர் இன்றும் பள்ளிதோறும் வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் அஞ்சி ஒளியாமல், "என் அடைப்பு அசைகிறது" என்று மாணவர்கள் தாமே கூற வேண்டும். அவர்கள் வருகைக்கு நெடுநாள் இருப்பின், அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்குச் செல்லலாம்.

பிள்ளையை அழைத்துச் சென்றால் ஒரு நாள் கூலி போகுமே எனத் தோட்டத்துப் பெற்றோர் தயங்குவது இயல்பே. எனினும், அடைப்பைப் புதுப்பிக்க ஒரு முறை சென்றால் பெரும்பாலும் போதும். காலந்தாழ்த்தி வேர்ச் சிகிச்சைக்குச் செல்வோர் பலமுறை அலைய நேரிடும். பிள்ளை தூக்கமிழந்து துன்புறுவதும் மிச்சம்.

பல் போனால் சொல் போகும் என்பர். மாணவர்களே, நாக்கில் கூர்மை தட்டுப்பட்ட அன்றே வீட்டில் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை சொல்லும்போது வலிக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.