வேலையிடத்திலும் அய்யா உண்டு



திருநாமம் இட்டு, அய்யாவை வணங்கி வேலைக்குக் கிளம்புகிறோம். வேலையிடத்துக்குப் போனபின் அந்த நாமம் நம்மிடம் எதைக் கேட்கிறது? அதுவே இன்றைய பாடம்.

1833-ல் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளிய காலத்தில், திருவிதாங்கூரின் எளிய மக்கள் கூலியின்றி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதற்கு ஊழியம் என்று பெயர். வரிமேல் வரி வேறு. அவர்கள் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது. அந்த மக்களைத்தான் அய்யா தலைப்பாகை கட்டி வணங்க வரச் சொன்னார்கள். முத்திரிக்கிணற்றில் சாதி பாராமல் எல்லோரையும் ஒரே நீரில் குளிக்க வைத்தார்கள். கூலி போனது ஒரு கொடுமை. 'நான் தாழ்ந்தவன்' என்ற அச்சம் மனதில் குடியேறியது அதைவிடப் பெரிய கொடுமை. அந்த அச்சத்தை அய்யா அகற்றினார்கள்.

நம் விக்கிரமசிங்கபுரம் உழைப்பால் வளர்ந்த ஊர். 1880-களில் பாபநாசம் தண்ணீரின் விசையில் ஆர்வி மில் ஓடத் தொடங்கியது முதல், ஷிப்டும் சம்பளமுமே பல வீடுகளின் வாழ்க்கை. இன்று நம் பிள்ளைகள் பலர் வெளியூர்க் கடைகளில் நின்று வேலை பார்க்கிறார்கள். நம்மவர் சிலர் கடை முதலாளிகளாகவும் இருக்கிறார்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நிற்பவருக்குக் கால் வீங்கும், இடுப்பு வலிக்கும். தாங்கலில் அன்னதர்மம் செய்யும் கை, தன் கடைப் பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போடச் சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

முதலாளியாக, மேஸ்திரியாக இருப்பவர்களே, கூலியை நாள் தவறாமல் கொடுங்கள். பலர் முன்னால் ஒருவரையும் ஏசாதீர்கள். சாப்பாட்டு நேரத்தைப் பறிக்காதீர்கள்.

வேலை செய்பவர்களே, வாங்கும் கூலிக்கு உண்மையாக உழையுங்கள். ஆனால் கூனிக் குறுகாதீர்கள். பொறுமை என்பது அநீதியை வாய்மூடி விழுங்குவதல்ல. சிங்காரத்தோப்புச் சிறையிலும் அய்யா பொறுமையாக இருந்தார்கள், கொள்கையை விடவில்லை. மனதில் பாரம் இருந்தால் கூட வேலை செய்பவரிடமோ வீட்டாரிடமோ சொல்லுங்கள். அந்தக் கோபத்தைப் பிள்ளைகள்மேல் இறக்காதீர்கள்.

பதியில் கண்ணாடி முன் நின்று வணங்குகிறோம். அங்கே தெரியும் மனித உருவம்தான் நம் கீழே வேலை செய்பவருக்கும் இருக்கிறது. இன்று மாலை விளக்கேற்றும்போது நம்மையே கேட்போம்: "இன்று என்னைக் கண்டு யாராவது பயந்தார்களா?"

அய்யா உண்டு.