குத்தினாலும் ஓட்டை தங்காத பலகை

கேள்வி: டார்ட் பலகையில் ஆயிரம் முறை அம்பு குத்தினாலும் ஓட்டை தெரிவதில்லையே, எப்படி?

பதில்: அது பலகையே இல்லை, நார்க்கட்டு! கற்றாழை இனத்தைச் சேர்ந்த சைசல் செடியின் நார்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, இறுக்கி அழுத்தி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு, முகத்தைச் சீவி வழவழப்பாக்குகிறார்கள். நார்களின் நுனிதான் நம்மைப் பார்த்து நிற்கிறது. அம்பு நாரை அறுக்காமல் விலக்கிக்கொண்டு நுழைகிறது. பிடுங்கியதும் நார்கள் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன. துடைப்பக்கட்டின் அடியில் குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள், புரியும்.

இங்கிலாந்து மதுக்கடைகளில் முன்பு எல்ம் மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டுதான் பலகை. மரம் காய்ந்து வெடிக்காமலும் ஓட்டைகள் மூடிக்கொள்ளவும் இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நல்ல தொல்லை! 1930-களில் நோடோர் நிறுவனம் சைசல் பலகையைக் கொண்டுவந்தது. அதற்குமுன் அவர்கள் செய்தது வாசனையில்லாத களிமண். ‘நோ ஓடர்’ என்பதே நோடோர் ஆனது.

சைசலுக்கும் ஆயுள் உண்டு. எல்லாரும் 20-ஐயே குறிவைப்பதால் அந்த இடம் முதலில் நைந்துபோகும். எண் வளையத்தைக் கழற்றிவிட்டு, பலகையைச் சற்றே சுழற்றி மாட்டலாம். தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள், நார் உப்பிவிடும்.