எலுமிச்சை எண்ணெயும் நம் மேனி நலமும்

தீபாவளி விடியலில் எண்ணெயும் சீயக்காயும் தேய்த்து நீராடுவது நம் மரபு. லீமாவ் பூருட் பழத்தை நீரில் கலந்து தலை முழுகுவது மலாய் மக்களின் மரபு. சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் இரு மரபினரும் அண்டை வீட்டாராக வாழ்வதால், சுருக்கத் தோலுடைய அப்பழம் நமக்கும் புதியதன்று. எலுமிச்சை இனத்தின் எண்ணெய் உடலுக்கு எவ்வாறு உதவுகிறது, எப்போது தீங்காகிறது என்பதை இங்குக் காண்போம்.

இந்த எண்ணெய் சாற்றில் இல்லை. தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்பைகளில் உள்ளது. தோலை மடித்து விளக்குச் சுடரருகே பிதுக்கினால் பொறி பறக்கும், அதுவே எண்ணெய். அதன் பெரும்பகுதி லிமோனீன் என்னும் பொருள். அது பிசுக்கை நீக்கும், நறுமணம் தரும். லீமாவ் பூருட் இலையின் எண்ணெயில் மிகுந்துள்ள சிட்ரோனெல்லால் கொசுவை விரட்டும். ஆனால் இவ்வெண்ணெய்கள் முடியை வளர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படாத கூற்றாகும்.

பால் வெட்டும் நாம் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. எலுமிச்சைத் தோலில் பெர்காப்டென் போன்ற பொருள்கள் உள்ளன. இவை மேனியில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். லீமாவ் பூருட்டை நாட்டு மருந்தாகப் பூசியதால் விளைந்த இத்தகைய தோல் அழற்சியை 1999இல் பிரிட்டனின் தோல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது.

கொசுக்கடிக்கு அஞ்சி இருட்டிலேயே கைகால்களில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு பிரட்டுக்குச் செல்பவர், பால் எடுக்கும் நேரத்தில் வெயிலில் நிற்கிறார். எரிச்சலோ உடனே தோன்றுவதில்லை. ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே தோன்றும். ஆகவே பூச்சி கடித்தது, ஆசிட் பட்டது என எண்ணி, மறுபடியும் எலுமிச்சையையே தேய்ப்பாரும் உளர். கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கக்கூடும்.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்:

1. வேலை முடிந்து, மாலையில் மட்டும் பயன்படுத்துவோம். பின்னர் சோப்பிட்டு நன்கு கழுவுவோம். தோலில் தங்கவிட்டால் 12 மணி நேரமாவது வெயில் படலாகாது.

2. கடையில் வாங்கும் எண்ணெயைத் தனியே பூசலாகாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு துளி போதும்.

3. முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்போம். புண்ணிலும் கண்ணருகிலும் படாமல் காப்போம்.

4. புட்டியை இறுக மூடி, குளிர்ந்த இருளில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்போம். காற்றுப்பட்டுப் பழகிய எண்ணெய் ஒவ்வாமை தரும்.

5. கொப்புளம் கண்டால் உடைக்காமல், ஈரத்துணியால் குளிரச் செய்து, வெயில் படாமல் மூடி, மருந்தகம் செல்வோம். எலுமிச்சை தேய்த்ததை மறைக்காமல் கூறுவோம். அந்த ஒரு சொல்லே நோயின் காரணத்தைக் காட்டிவிடும்.

முன்னோர் பழக்கம் நல்லதே. அதை அந்திப்பொழுதுக்கு மாற்றிக்கொண்டால் மணமும் நமதே, மேனியும் நமதே.