நாலு டயர் வாங்கப் போகுமுன்

ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்பதால், என்னிடம் படித்தவர்கள் இன்றும் கார் விஷயமாகப் போன் செய்வார்கள். பெரும்பாலும் அது அந்த வீட்டின் முதல் கார். ஸ்விஃப்ட், டிசையர், வேகன் ஆர், ஐ10 என்று ஏதாவது ஒன்று. நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, டயரின் பட்டன் தேய்ந்திருக்கும். என்ன டயர் போடலாம் என்று வாங்குவதற்கு முன் கேட்காமல், போட்ட பிறகு கேட்கிறார்கள். "சார், அலாயோட சேத்து அகலமா போட்டுட்டேன். இப்ப ஸ்டியரிங் கனக்குது, மைலேஜும் இறங்கிப் போச்சு" என்கிறார் ஒருவர். "எனக்கு வேற மாடல்தான் மனசுல இருந்துச்சு சார். அப்பா விடல. அம்பாசடருக்குப் போட்ட கம்பெனியே போடுன்னுட்டார்" என்கிறார் இன்னொருவர். கல்லூரியில் இதே பிள்ளைகள் பாடப்பிரிவு எடுத்த விதமும் இதுதான்: ஊரே எடுக்கிறது என்று சிலர், வீட்டில் சொன்னார்கள் என்று பலர். தனக்கு எது தேவை என்று பார்த்து எடுத்தவர்கள் குறைவு. டயரில் அப்படிச் செய்தால், மழையில் நனைந்த சாலையில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தவறு தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டியூப்லெஸ் ரேடியல் வாங்குங்கள், பெயர்பெற்ற கம்பெனியாக வாங்குங்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. காருக்கான டயரில் ஐ.எஸ். 15633 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், பெயர் தெரியாத மலிவு டயர்களின் வரத்தும் தணிந்துவிட்டது. எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும், அப்போலோ ஒரகடத்திலும், ஜே.கே.யும் சியட்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் டயர் செய்கின்றன. இவற்றில் எது உசத்தி என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. அப்பா காலத்து நைலான் டயரில் கம்பெனி பெயர்தான் உத்தரவாதம். இன்று ஒரே கம்பெனி கட்டை ரப்பரில் ஒரு டயரும் மெது ரப்பரில் இன்னொரு டயரும் செய்து அருகருகே அடுக்கி விற்கிறது. கடையில் கேட்க வேண்டியது மாடலை.

மாடல்கள் இரண்டு பக்கமாகப் பிரிகின்றன. ஒரு பக்கம் நீண்ட ஆயுள்: சியட் மைலேஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், குட்இயர் டூராபிளஸ் போன்றவை. ரப்பர் தேய்மானத்தைத் தாங்கும்படி கடினமாக இருக்கும். மறுபக்கம் பிடிமானமும் சொகுசும்: மிஷெலின் பிரைமசி, யோகோஹாமா புளூஎர்த் ஜி.டி., அப்போலோ அல்நாக், சியட் செக்யூராடிரைவ் போன்றவை. ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும். பிரிட்ஜ்ஸ்டோன் ஈக்கோபியா மாதிரி, உருளும்போது இழுவை குறைந்து எரிபொருள் மிச்சமாகட்டும் என்று செய்தவையும் உண்டு. சிறு காரில் அந்த மிச்சம் கொஞ்சம்தான். காற்று சரியாக வைத்திருந்தாலே அதில் பாதி கிடைத்துவிடும்.

வாடகைக் கார் ஓட்டுபவர், வருடத்துக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர், யோசிக்காமல் நீண்ட ஆயுள் டயர் போடலாம். வீட்டுக் காருக்குக் கணக்கு வேறு. அலுவலகம், கோயில், பள்ளி, தீபாவளிக்கு ஊர் என்று வருடத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் ஆறு வருடத்தில் 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அதற்குள் நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் வந்துவிடும். எண்பதாயிரம் ஓடும், லட்சம் ஓடும் என்ற வாக்குறுதியில் பாதியை நீங்கள் எடுக்கவே போவதில்லை. நீண்ட ஆயுள் டயர் 4,500 ரூபாய், நல்ல பிடிமானமுள்ள டயர் 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் சேர்த்து வித்தியாசம் 4,000. ஆறு வருடத்தில் பிரித்தால் மாதம் 55 ரூபாய் சொச்சம். ஐப்பசி கார்த்திகை மழையில் முன்னால் போகும் பைக் சறுக்கி விழுந்தால், சில அடி முன்னதாகவே நின்றுவிடும் வண்டிக்கு அது தகும். வீட்டுக் காருக்கு நான் மெது ரப்பர் பக்கம்தான். பிள்ளைகளோடு பயணம் போகும் யாரிடமும் இதையே சொல்வேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அகல டயர்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரக் கடைகளைக் கடந்து போனால், சிறு கார்களுக்குப் பெரிய அலாயும் மெல்லிய பக்கவாட்டுள்ள அகல டயரும் பூட்டுவதைப் பார்க்கலாம். நின்றிருக்கும்போது கார் கம்பீரமாகத் தெரிகிறது என்பது உண்மை. அதைத் தவிர அகல டயரைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில்லை. அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்பார்கள். டயர் ரோட்டைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காரின் எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறது, அளவு அவ்வளவாக மாறுவதில்லை. காய்ந்த ரோட்டில் வளைவுகளில் கொஞ்சம் உறுதி கூடும். ஆனால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் நிலைமை தலைகீழ். அகல டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். எடை குறைந்த காரில் அது முடியாமல், குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படாது.

எண்களைப் பார்ப்போம். ஸ்விஃப்டின் கீழ்நிலை வேரியன்ட்டில் 165/80 ஆர்14 வரும். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கூட்டிக் கழித்தால் முழு டயரின் உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். மேல்நிலை வேரியன்ட்டுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 போட்டது. அதன் உயரம் 621. அகலமும் ரிம்மும் மாறினாலும் மொத்த உயரம் மாறாமல் பார்த்திருக்கிறார்கள். அலங்காரக் கடையில் இந்தக் கணக்கு எப்போதும் நடப்பதில்லை. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் உயரம் 647 தாண்டும், நாலு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 104-ல் போகும். ஓடிய கிலோமீட்டரையும் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்சீட்டில் மூன்று பேரோடு மேடு ஏறினால் டயர் உள்பக்கம் உரசும்.

இப்படிக் கனம் கூடிய சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு அது எளிதில் உறைக்கும், புறப்படும்போதே இழுவை மந்தமாகும். வீல் பேரிங்கும் சஸ்பென்ஷன் இணைப்புகளும் அந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டவையல்ல, சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். வாரன்டியில் உள்ள கார் என்றால், மாற்றிய சக்கரத்தைக் காட்டி சர்வீஸ் சென்டர் கை விரித்துவிடலாம். எல்லாவற்றையும் விட, பக்கவாட்டின் உயரம் குறைந்த டயருக்குப் பள்ளத்தைத் தாங்க ரப்பர் குறைவு. மழைநீர் மறைத்த பள்ளத்தில் இறங்கும்போது 165/80-ல் 132 மில்லிமீட்டர் ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும். 195/55-ல் 107 மில்லிமீட்டர்தான். ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே நூலிழை அறுந்து, பக்கவாட்டில் கட்டி புறப்படும். கட்டி வந்த டயரை ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். விலை உயர்ந்த டயரை வாங்கி ஒரே மழைக்காலத்தில் இப்படி இழந்தவர்கள் என்னிடம் போன் செய்திருக்கிறார்கள். அப்போது அவர்கள் குரலில் இருந்த வருத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் காரின் மேல்நிலை வேரியன்ட்டுக்குக் கம்பெனி போட்ட அளவுக்கு, அதற்கான ரிம்மோடு சேர்த்து மாறலாம். அந்த அளவும் காற்றழுத்தமும் டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ இருக்கும். அங்கே இல்லாத அளவைக் கடைக்காரர் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அளவுக்குப் பின்னால் 85டி, 88எச் என்று வரும் குறியையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை, எச் என்றால் 210 வரை. காரோடு வந்ததை விடக் குறைந்த குறி கூடாது. கூடினால் தவறில்லை.

செகண்ட் ஹேண்ட் டயரும் ரீட்ரேட் டயரும் காருக்கு வேண்டாம். லாரிக்கு ரீட்ரேடிங் முறையான தொழில். சிறு காரில் புது டயர் விலையோடு பார்த்தால் மிச்சப்படுவது சொற்பம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய டயர் எந்தப் பள்ளத்தில் அடி வாங்கியது, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்கும்போது பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதை நான் எடுப்பதில்லை. அதிகம் விற்கும் கடையில் சரக்கு தேங்காது, அதனால் தள்ளுபடி கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் கடையே மேல். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. பில்லில் அது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் ஒரே அளவில், ஒரே மாடலில் இரண்டை வாங்கிப் பின்னால் போடுங்கள். பல டயர் கடைகளில் புதிதை முன்னால் போடத்தான் கை போகும், முன்சக்கரம்தானே இழுக்கிறது என்பார்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரில் காலை எடுத்தால் பிடி திரும்பிவிடும், ஸ்டியரிங் வழியாகக் கைக்கும் தெரியும். பின்சக்கரம் வழுக்கினால் காரின் பின்பக்கம் வீசும். ஈர ரோட்டில் அதைத் திருத்தப் பழகிய ஓட்டுநர் நம்மில் எத்தனை பேர்? பின்னால் பிடிமானம் இருக்க வேண்டும்.

பட்டனின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதற்குமேல் ஓட்டுவது ஆபத்து. மழைக்கு அதுவே குறைவு, மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்ற யோசிக்கத் தொடங்குங்கள். மொட்டையான பிறகு நெடுஞ்சாலையில் நின்றபடி கிடைத்த கடையில் கிடைத்ததை மாட்டுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மூன்று மில்லிமீட்டர் கட்டத்திலேயே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள், எந்த ரோட்டில், எத்தனை பேரோடு, மழையில் இரவில் ஓட்டுகிறீர்களா என்று கவனியுங்கள். நண்பன் போட்ட டயர் நண்பனின் ஓட்டத்துக்கு. உங்கள் அப்பா எத்தனை நல்ல மனதோடு சொன்னாலும், அந்தக் காரை ஓட்டப்போவது நீங்கள். அவரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். அளவையும் மாடலையும் காரணத்தையும் எழுதிக் காட்டுங்கள், கேட்பார். நான் பாடம் நடத்திய காலம் முழுக்க மாணவர்களிடம் வேண்டியதும் இதுதான்: தனக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடிக்கிற பொறுமை. வேகமாகப் படிக்கிறவர்களைவிட அந்தப் பொறுமை உள்ளவர்களே பிறகு நன்றாக வந்தார்கள்.

பழைய டயரைக் கழற்றுமுன் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் புதிதும் அதே மாதிரி தேயும். கோடையில் டயர் வெடிப்பதற்கும் பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம். பக்கவாட்டு அதிகம் மடங்கி மடங்கி உள்ளே சூடேறும். மாதம் இருமுறை, கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை, நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பாலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்து, டயர் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நான்கு டயரின் டி.ஓ.டி. எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள், பின்னால் வாரன்டி கேட்க அது வேண்டும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ரப்பரின் மேல்பூச்சு வழுக்கும், திடீர் பிரேக் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். டிக்கியில் ஐந்தாறு வருடமாகக் கிடக்கும் ஸ்டெப்னியின் தேதியையும் படியுங்கள். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும், அதைப் பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.