புளிப்பு செய்யும் காவல்

மாம்பழக் கூழ் டின்னைப் பிள்ளைகளிடம் கொடுத்து அதன் சீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். மாம்பழக் கூழ், சர்க்கரை, அடுத்துச் சிட்ரிக் அமிலம் என்றிருக்கும். ஐரோப்பியக் கடைகளில் அதுவே இ330 என்ற எண்ணாகவும் வரும். இனிக்கும் பழத்துக்கு எதற்குப் புளிப்பு? இதற்கு விடை காணச் சித்தூருக்குப் போகவேண்டும்.

நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் மாங்காய்க்கு அங்கே தோத்தாபுரி என்று பெயர். ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கூழ் ஆலைகளின் வாசலில் அதை ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பழம் கனியக் கனியச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். ஒரு வண்டிப் பழம்போல் மறுவண்டிப் பழம் இராது. ஆகவே கூழைச் சோதித்து, குறைகிற புளிப்பைச் சிட்ரிக் அமிலத்தால் சரிக்கட்டுகிறார்கள்.

இது சுவைக்காக மட்டுமன்று. புளிப்பை அளக்கும் கணக்குக்கு பி.எச். என்று பெயர். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 4.6க்கு மேல் போனால், காற்றுப் புகாத டின்னுக்குள் பொட்டுலினம் என்னும் கிருமி வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்க வாய்ப்புண்டு. அதன் வித்துக்கள் கொதிநீரிலும் சாகா. அவற்றைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸ் அழுத்தச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மாம்பழத்தின் மணமும் போய்விடும். 4.6க்குக் கீழே அந்த வித்து முளைப்பதில்லை; மிதமான சூடே போதும்.

இ330 புற்றுநோய் தரும் என்று 1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டறிக்கை பரவியது. ஒரு மருத்துவமனையின் பெயரில் சுற்றிய பொய் அது, அம்மருத்துவமனையே மறுத்தது. உடலில் சிட்ரிக் அமிலம் பங்குகொள்ளும் வினைச் சுழற்சிக்கு, அதை 1937இல் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸின் பெயர். ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் புற்றுநோய்! குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பர். இன்று இவ்வமிலம் பெரும்பாலும் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை; சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள்.

ஆலைகள் வருமுன்பே நம் பாட்டிமாருக்கு இந்த வித்தை தெரியும். திருப்பதி யாத்திரைக்குக் கட்டுச்சோறு என்றால் புளியோதரைதானே! புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், வெறுஞ்சோற்றைவிட அதைச் சற்று நேரம் கூடுதலாகக் காக்கும். கெட்டிலில் படியும் வெள்ளை உப்பைக் கரைக்கவும் ஒரு கரண்டி சிட்ரிக் அமிலம் போதும்.

வெளிநாட்டில் ஊறுகாய் போடும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களுக்குத் தம் புளிப்பே துணை. பூண்டுக்கு அது கிடையாது. வெறும் எண்ணெயில் பூண்டை மூழ்கவைத்து அலமாரியில் வைப்பது, காற்றில்லா இடத்தைக் கிருமிக்கு நாமே அமைத்துக் கொடுப்பதாகும். புளியோ வினிகரோ தாராளமாகச் சேர்த்து, குளிர்பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். உப்பிய டின்னை ருசி பார்க்காமலே எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சுக்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை.