தருமபுரிக் குடிநீரும் மாற்றுத்திறனாளர் உரிமையும்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளவிடுவோர் அதன் விளைபொருளையும் வாணிகத்தையும் சாலைகளையும் கணக்கிடுதல் வழக்கம். அவை வேண்டுவனவே, எனினும் போதுமானவை அல்ல. உடல் தளர்ந்தோரும் உறுப்புக் குறைவுடையோரும் அம்முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு பெற்றனர் என்பதும் அளவுகோலாதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் சபை, 2030ஆம் ஆண்டுக்குள் உலகம் எய்த வேண்டியவை என 17 இலக்குகளை வகுத்தது. மண்ணையும் நீரையும் வருங்காலத்தார்க்குக் கெடாது காத்து, இன்றுள்ளார் வாழ்வையும் உயர்த்துவதே நிலைபேறுடைய வளர்ச்சி எனப்படும். அவ்வளர்ச்சியில் எவரும் பின்தங்க விடப்படலாகாது என்பது அவ்விலக்குகளின் உயிர்க்கொள்கை. இக்கொள்கை தருமபுரி மாவட்டத்துக் குடிநீரோடு எவ்வாறு இயைபுடையது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முன்னாளில் அங்கவீனர் என்றும் ஊனமுற்றோர் என்றும் வழங்கப்பட்டோரை இந்நாளில் மாற்றுத்திறனாளர் என்கிறோம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் இவர்தொகை ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். 2000ஆம் ஆண்டையொட்டி உலக நாடுகள் வகுத்த முந்தைய இலக்குகளில் இவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2015ஆம் ஆண்டின் இலக்குகளிலோ கல்வி, தொழில், சமன்மை, நகரமைப்பு, புள்ளிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளில் இவர் வெளிப்படையாகக் குறிக்கப்பெற்றனர். தூய குடிநீரைப் பற்றிய 6ஆம் இலக்கிலோ அப்பெயர் இல்லை. 'யாவர்க்கும்' என்னும் பொதுச்சொல்லிலேயே அவர் அடங்குதல் வேண்டும். அச்சொல் செயலில் எவ்வளவு விரிகின்றது என்பதைத் தருமபுரி நமக்குக் காட்டும்.

தருமபுரி, சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதனின்று கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. இந்நிலப்பகுதி பெரும்பாலும் கடும்பாறையாலானது. அப்பாறைகளிலுள்ள சில கனிமங்களில் புளூரைடு என்னும் பொருள் கலந்துள்ளது. மழை குறைந்த நாட்டில், நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கி அப்பொருளைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. குடிநீர் ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் புளூரைடு வரை இருத்தல் ஏற்புடைத்து என்பதும், வேறு நீர் கிடையாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பதும் இந்திய நிர்ணயம். இவ்வெல்லையைக் கடந்த நீர் இம்மாவட்டத்தின் பல ஊர்களிற் காணப்பட்டது.

அந்நீரை ஆண்டுக்கணக்கிற் பருகுவோர்க்குப் புளூரோசிஸ் என்னும் நோய் உண்டாகும். பல் உருவாகும் இளம்பருவத்திற் பருகினால் பற்களில் வெண்புள்ளியும் பழுப்பு நிறமும் தோன்றும். நெடுநாட் பருகினால் அது எலும்பிற் படிந்து, மூட்டுகளை இறுக்கி, முதுகெலும்பை வளையச் செய்து, சிலரைத் தண்டுவட நசுக்கத்தால் நடக்கவும் இயலாதவர் ஆக்கிவிடும். நம் நாட்டில் இந்நோய் 1937ஆம் ஆண்டில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவரால் முதன்முதல் விளக்கியுரைக்கப்பட்டது. எலும்பில் முற்றிய நோயை மாற்றும் மருந்து இல்லை. வருமுன் காத்தலே வழி. நீரைக் காய்ச்சுவதாற் பயனில்லை. நீர் வற்ற வற்றப் புளூரைடின் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. பாலும் கேழ்வரகும் கீரையும் போன்ற சுண்ணச்சத்துள்ள உணவு ஒருவாறு துணை செய்யும். அவ்வுணவுக்கு வழியில்லாத ஏழையரை நோய் கடிதிற் பற்றும்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. திறந்த கிணற்று நீரால் வாந்திபேதி முதலிய கொள்ளைநோய்கள் பரவிய காலத்தில், ஆழ்குழாய்க் கிணறும் கைப்பம்பும் பெருநன்மையாகவே வந்தன. தெளிந்த நீர், கிருமியற்ற நீர் என மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஆழம் மிக மிகப் பாறையின் உப்புகளும் உடன் வந்தன. நிறமும் நாற்றமும் இல்லாத புளூரைடை நாவால் அறிதல் இயலாது. ஒரு நோயைத் தவிர்க்க எடுத்த நல்முயற்சியே மற்றொரு குறைபாட்டுக்கு வாயிலாயிற்று. ஆதலால், வளர்ச்சிப் பணிகளை ஒருபுறம் மட்டும் நோக்கிச் செய்தல் கூடாது என்பது இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இக்குறை தீரவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் தணிப்புத் திட்டம் எழுந்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி, 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டுத் தூய்மை செய்யப்பெற்று, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் 6,000க்கும் மேற்பட்ட ஊர்க்குடியிருப்புகளுக்கும் செல்லுமாறு அமைக்கப்பட்டது. ஒரு நோயின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய குடிநீர்த் திட்டம் இது. பிறக்கும் மக்கள் இந்நோயினின்று தப்புதற்கு இஃது உற்ற வழியாம். இதனைப் போற்றாதார் யார்?

ஆயினும் நாம் வினவ வேண்டிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. இனி வருவோரைக் காப்பது ஒரு கடன். முன்னரே முதுகு வளைந்தோரைப் பங்காளராக்குவது மற்றொரு கடன். முன்னதைச் செய்தமையால் பின்னது தீர்ந்ததாகாது. புதிய நீர் பழைய எலும்பை நிமிர்த்தாது. அந்நீர் தெருக்குழாயில் வந்தாலும், மேடையேறிக் குடத்தைத் தூக்கி வர இயலாதவர்க்கு அது தொலைநீரே. கைப்பம்பின் பிடியை அழுத்தத் தோள்வலிமை வேண்டும். மூட்டு இறுகியவரிடம் இல்லாதது அவ்வலிமையே. இத்தகையோர் எது நன்னீர் என்று தேர்ந்து பருகுவதில்லை. எது அண்மையில் உள்ளதோ அதனையே பருகுவர். அண்மையிலுள்ளது பழைய ஆழ்குழாய்க் கிணறாயின், நோயுற்றவரே மீண்டும் நோய்நீரைப் பருகும் நிலை உண்டாகும். காவிரி நீர் தடைப்படும் நாள்களிலும் முதலில் இடருறுவோர் இவரே. ஒதுக்குதல் நோயை வளர்க்கும் முறை இதுவாம்.

மேலும், நோயுற்றவரின் வளைந்த உருவை எச்சரிக்கைப் படமாகக் காட்டி விழிப்புணர்ச்சி ஊட்டுகின்றோம், அவரை அழைத்து, "குழாய் எங்கே அமைந்தால் உமக்குப் பயன்படும்?" என்று வினவுகின்றோமா? பிறர்க்குப் பாடமாக மட்டும் அவரைக் கொள்வது முறையாகாது.

சட்டம் இவ்வகையில் தெளிவாகவே உள்ளது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அதன்வழிப் பிறந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பாதுகாப்பான குடிநீரை இவர்க்குரிய சமூகப் பாதுகாப்புகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. ஆயின் அச்சட்டம் எண்ணும் 21 வகைகளுள் புளூரோசிஸ் என்னும் பெயர் தனித்து இல்லை. அதனால் நடை தளர்ந்தோர், இயக்கக் குறைபாடு என்னும் வகையின்கீழ் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உண்டென மருத்துவச் சான்று பெறுதல் வேண்டும். இந்நோயோ மெல்ல மெல்ல வருவது. முதுமையின் தளர்ச்சி என்று எண்ணி வாளா இருந்துவிடுதல் எளிது. சான்று இல்லாதவர் கணக்கில் வாரார். கணக்கில் வாராதவர்க்குத் திட்டமும் வாராது.

இனி, ஊராட்சியில் இவர் குரல் ஒலித்தற்கு ஒரு வழி பிறந்துள்ளது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளரை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. குழாயின் இடம், மேடையின் உயரம், நீர்விடும் நேரம் ஆகியவை பேசப்படுவது அங்கேயாதலின், இது சிறு செய்தியன்று.

இவர் பிறர் உதவியை ஏற்பவர் மட்டுமல்லர், உதவி செய்யவும் வல்லவர் என்பதற்குச் சான்று அண்மையில் வேலூரிலேயே உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954இல் நேர்ந்த சாலை விபத்தால் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் திறக்கப்பெற்ற மறுவாழ்வு நிலையம் உருப்பெறக் காரணராய் விளங்கினார். அவர்க்கு வேண்டியிருந்தது இரக்கமன்று. தம் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த மேசையும் பணியாற்ற இடமுமே.

மாணவ அன்பர்களே! நாம் செய்யத்தக்கவை பல. வேதியியல் பயில்வோர், சாயத்தின் நிறமாற்றத்தால் புளூரைடின் அளவைக் காட்டும் எளிய சோதனையைக் கற்று, தம் ஊர்க் கிணறுகளை ஆராயலாம். பொருளாதாரம் பயில்வோர், குழாய்கள் எத்தனை என எண்ணுவதோடு அமையாது, அக்குழாயை அணுக இயலாதவர் எத்தனை பேர் என்றும் எண்ணலாம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்னும் அளவில் சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி ஏறும் என்பதை ஊரார்க்கு எடுத்துரைக்கலாம். சான்று பெறாதவரை மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்லலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கண்டும் காணாதிராத மனமே வேண்டும்.

காவிரியைக் குன்றின்மேல் ஏற்றிப் பல காவதம் கொணர்ந்த நாட்டார்க்கு, அதனைத் தெருக்குழாயினின்று தளர்ந்தவர் வீட்டு வாயில்வரை கொணர்தல் அரிதன்று. அக்கடைசிச் சில அடிகளைக் கடந்தபின்னரே 'யாவர்க்கும்' என்னும் சொல் தருமபுரியில் மெய்யாகும்.