பழைய காரும் புதிய கைத்தொலைபேசியும்: இணைப்பான்கள் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

நம் நாட்டில் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்களுள் பலர் சொந்தக் காசில் வாங்கிய காரை ஓட்டுவதில்லை. அப்பா ஓட்டியது, அண்ணன் ஓட்டியது, பிறகு நம் கைக்கு வந்தது என்ற வரிசையில்தான் கார் வந்து சேர்கிறது. அதற்கு வயது பதினைந்தோ இருபதோ இருக்கும். நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்கு வயது இரண்டோ மூன்றோதான். சிங்கப்பூரிலும் நிலை அதிகம் வேறுபடவில்லை. அங்கு ஒரு காரின் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் அதன் உரிமையாளர் இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளை மாற்றியிருப்பார். வெவ்வேறு காலத்தில் பிறந்த இந்த இரண்டையும் ஒரே வடத்தால் இணைக்க முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கழகத்து இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, புதுக் கைத்தொலைபேசி வாங்கினேன். காரில் பாட்டு வரவில்லை. ரேடியோவையே மாற்ற வேண்டுமா?” கடையில் கேட்டால் பெரும்பாலும் ‘மாற்றத்தான் வேண்டும்’ என்பார்கள். சில நூறு ரிங்கிட் செலவாகும். கல்விக் கடனை வைத்து மாதத்தை ஓட்டும் மாணவருக்கு அது சிறிய தொகையன்று.

மின்னியல் பொறியியல் படித்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: பெரும்பாலான வேளைகளில் ரேடியோவை மாற்றத் தேவையில்லை. எது தடைப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டறிந்தால் போதும். துளையில் பொருந்துவது வேறு. ஒன்றையொன்று புரிந்துகொள்வது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்தவரைக் கடைக்காரர் எளிதில் குழப்ப முடியாது.

ஒரு துளை, மூன்று வேலைகள்

கைத்தொலைபேசியையும் கார் ரேடியோவையும் இணைக்கும் வடத்தின் வழியாக மூன்று பொருள்கள் பயணம் செய்யலாம். முதலாவது, மின்சாரம். இரண்டாவது, ஒலி. மூன்றாவது, கட்டளை, அதாவது ‘அடுத்த பாடலுக்குப் போ’, ‘பாடலின் பெயரைக் காட்டு’ போன்ற செய்திகள்.

இவற்றுள் ஒலி இரண்டு வடிவங்களில் செல்லலாம். ஒலியலையைப் போலவே ஏறி இறங்கும் மின்னழுத்தமாகச் சென்றால் அது அனலாக். எண்களாக மாற்றப்பட்டுச் சென்றால் அது டிஜிட்டல். ஒலிபெருக்கிக்கு எண்கள் புரியா. எனவே, வழியில் எங்கேனும் ஓரிடத்தில் எண்களை மீண்டும் அலையாக மாற்றும் சில்லு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்தச் சில்லு கைத்தொலைபேசியில் இருக்கிறதா, வடத்தில் இருக்கிறதா, ரேடியோவில் இருக்கிறதா என்பதே நம் சிக்கலின் பாதி.

3.5 மில்லிமீட்டர் ஒலித்துளையை எடுத்துக்கொள்வோம். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்த பிறகு உலகமெங்கும் வீட்டுப் பொருளாகிவிட்ட துளை இது. இதன் வழியே அனலாக் ஒலி மட்டும்தான் போகும். மின்சாரமும் இல்லை, கட்டளையும் இல்லை. ஆனால், அந்த எளிமைதான் அதன் பலம். எந்தக் காலத்துக் கருவியும் எந்தக் காலத்துக் கருவியோடும் சேர்ந்துவிடும்.

மாறிக்கொண்டே வந்த இணைப்பான்கள்

2003ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாட் கருவியில் 30 முனைகள் கொண்ட அகன்ற இணைப்பானைக் கொண்டுவந்தது. மின்சாரம், அனலாக் ஒலி, கட்டளை என மூன்றையும் தனித்தனி முனைகள் வழியாக அது கொண்டுசென்றது. கார் நிறுவனங்களும் ரேடியோ நிறுவனங்களும் அதை நம்பி வடங்களைக் காருக்குள்ளேயே பொருத்தித் தந்தன.

முதல் அடி 2008இல் விழுந்தது. அதுவரை பல கார் வடங்கள் ஃபயர்வயர் முனைகள் வழியாக 12 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்து வந்தன. அவ்வாண்டு வெளிவந்த ஐபோன் 3ஜி அந்த முனைகளிலிருந்து மின்சாரம் ஏற்பதை நிறுத்திவிட்டு, யூ.எஸ்.பி. முனைகளின் 5 வோல்ட்டை மட்டும் ஏற்றது. இணைப்பான் அதேதான்; துளையும் அதேதான். பாட்டு வந்தது, மின்னேற்றம் மட்டும் நடக்கவில்லை. பொருந்துவது வேறு என்று நான் முன்னர்ச் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2012இல் ஐபோன் 5 வந்தபோது லைட்னிங் என்னும் சிறிய இணைப்பான் வந்தது. இதில் அனலாக் ஒலிக்கு இடமே இல்லை, எல்லாம் டிஜிட்டல். பழைய 30 முனை வடத்தை இதில் பொருத்துவதற்கு ஆப்பிள் விற்ற மாற்றியின் விலை அப்போது 29 அமெரிக்க டாலர். ‘ஒரு சிறு துண்டுக்கு இவ்வளவு விலையா?’ என்று பலர் கேட்டனர். அந்தத் துண்டுக்குள் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு இருந்தது. அப்போதும் பழைய இணைப்பான் கொடுத்த காணொளியை அந்த மாற்றியால் கொடுக்க முடியவில்லை.

2016இல் ஐபோன் 7 ஒலித்துளையையே கைவிட்டது. மற்ற நிறுவனங்களுள் பலவும் அவ்வழியே சென்றன. 2023இல் ஐபோன் 15 லைட்னிங்கையும் விட்டு யூ.எஸ்.பி. சி இணைப்பானுக்கு மாறியது. 28 டிசம்பர் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகளில் யூ.எஸ்.பி. சி கட்டாயமாயிற்று. ஆக, இருபது ஆண்டுகளில் ஒரே நிறுவனம் மூன்று இணைப்பான்களைக் கண்டுவிட்டது. நம் காரின் ரேடியோவோ பொருத்திய இடத்திலேயே இருக்கிறது.

‘கருவி இல்லை’ என்பது ஏன்?

ரேடியோவில் யூ.எஸ்.பி. துளை இருக்கிறது, ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை வடத்தால் இணைக்கிறோம், மின்னேற்றம் நடக்கிறது, ஆனால் திரையில் ‘கருவி இல்லை’ என்று வருகிறது. வடம் கெட்டுவிட்டது என்றே பலரும் நினைப்பர்.

சில வேளைகளில் அது உண்மைதான். மலிவான வடங்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுக் கம்பிகள் இரா. ஆனால், நல்ல வடத்திலும் இதே நிலை வரும். அதற்குக் காரணம் வேறு.

நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பழைய ரேடியோ, நேராக அலமாரிக்குச் சென்று தானே நூலை எடுக்கப் பழகிய வாசகர். விரலி நினைவகம் அவருக்குத் திறந்த அலமாரி. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளும் தம் நினைவகத்தை அப்படித் திறந்து கொடுத்தன. ஆனால், அலமாரி முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் அந்நேரத்தில் கைத்தொலைபேசி அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே, 2011ஐ ஒட்டி வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகள் எம்.டி.பி. என்ற வேறு முறைக்கு மாறின. இம்முறையில் முகப்பில் ஒரு நூலகர் அமர்ந்திருப்பார். அவரிடம் கேட்டால்தான் நூல் கிடைக்கும். பழைய வாசகருக்கோ கேட்கத் தெரியாது. அலமாரியைத் தேடுகிறார், காணவில்லை, ‘கருவி இல்லை’ என்று எழுதிவிடுகிறார்.

இதற்குத் தீர்வு மிக எளிது. பாடல்களை எம்பி3 வடிவில் ஒரு விரலி நினைவகத்தில் ஏற்றி, அதை ஃபேட் 32 முறையில் வடிவமைத்துச் செருகிவிடலாம். கைத்தொலைபேசியை இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

உருவம் ஒன்று, உள்ளம் வேறு

யூ.எஸ்.பி. சி வந்ததால் இனிக் குழப்பமில்லை என்று நினைத்தவர்களுக்கு ஒரு செய்தி. யூ.எஸ்.பி. சி துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளைக்கு மாற்றும் சிறு வடங்கள் இரண்டு வகைப்படும். ஒருவகையில் வெறும் கம்பிகள் மட்டுமே இருக்கும். கைத்தொலைபேசி தானே அனலாக் ஒலியைத் துளை வழியாகக் கொடுத்தால்தான் அது பாடும். மற்றொரு வகையில் மாற்றும் சில்லு வடத்திலேயே இருக்கும். பல கைத்தொலைபேசிகள் துளை வழியாக அனலாக் ஒலியைக் கொடுப்பதில்லை. அவற்றில் முதல் வகை வடத்தைச் செருகினால் அமைதிதான் மிஞ்சும். பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆகவே, வாங்கும்போது சில்லு உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. பழைய கார் ரேடியோவின் யூ.எஸ்.பி. துளை பெரும்பாலும் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தரும். வழிகாட்டி வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தால் மின்கலம் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் கூடும். மேலும், பழைய துளையையும் யூ.எஸ்.பி. சி கைத்தொலைபேசியையும் இணைக்கும் வடத்தில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. மின்தடையின் அளவு தவறாக இருந்தால், துளையால் தர முடியாத மின்னோட்டத்தைக் கைத்தொலைபேசி இழுக்க முயலும். 2015இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் சந்தையில் கிடைத்த வடங்களைச் சோதித்து, அவற்றுள் பல இவ்விதிக்கு மாறாக இருப்பதை வெளிப்படுத்தினார். மூன்று ரிங்கிட் வடத்தால் முந்நூறு ரிங்கிட் ரேடியோவைப் பழுதாக்கிக்கொள்ள வேண்டாம்.

புளூடூத் இருந்தும் பாட்டு வராதது ஏன்?

வடமே வேண்டாம் என்போருக்கும் இதே பாடம்தான். புளூடூத் என்பது ஒரே மொழியன்று. பல வட்டார வழக்குகள் கொண்ட மொழி. தொலைபேசி அழைப்புக்கு ஒரு வழக்கு, இசைக்கு ஏ.டூ.டி.பி. என்ற மற்றொரு வழக்கு. பழைய ரேடியோக்கள் சிலவற்றுக்கு முதல் வழக்கு மட்டுமே தெரியும். அழைப்பு வந்தால் குரல் கேட்கும். பாட்டு மட்டும் வராது. அது பழுதன்று. ரேடியோவில் ஒலித்துளை இருந்தால், அதில் செருகும் சிறிய புளூடூத் ஏற்பியை வாங்கி இக்குறையைப் போக்கலாம்.

எங்கள் வீட்டுக் காரில்

எங்கள் காரின் ரேடியோவில் ஒலிநாடாவும் குறுந்தட்டும் மட்டுமே உண்டு. முகப்பில் ஒலித்துளை இல்லை. அதை மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் தாத்தா ஆற்றிய உரை ஒன்று ஒலிநாடாவில் இருக்கிறது. அந்த நாடாவைப் போட்டுக் கேட்க எங்களிடம் எஞ்சியிருந்த ஒரே கருவி அந்தக் கார் ரேடியோதான்.

நான் தேர்ந்தெடுத்தது ஒலிநாடா மாற்றி. பார்ப்பதற்கு ஒலிநாடாவைப் போலவே இருக்கும். உள்ளே நாடா இராது. அதிலுள்ள சிறு காந்தத் தலை, ரேடியோவின் படிக்கும் தலைக்கு நேராக நின்று, நாடா ஓடினால் எழும் காந்த மாற்றங்களைத் தானே உண்டாக்கும். ரேடியோ அதை நாடா என்றே நம்பிப் பாடும். அதன் வடத்தைச் சில்லு உள்ள யூ.எஸ்.பி. சி மாற்றியில் செருகினேன். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாவும் 2014இல் வெளியிடப்பட்ட யூ.எஸ்.பி. சி முறையும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தன. இரண்டுக்கும் ஆன மொத்தச் செலவு ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. தாத்தாவின் குரலும் காரில் அப்படியே இருக்கிறது.

இரைச்சல் வந்தால்

ஒலித்துளை வழியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டே காரின் 12 வோல்ட் துளையில் மின்னேற்றினால் சில கார்களில் ஒரு கீச்சொலி எழும். எரிபொருள் மிதியை அழுத்தினால் அதுவும் உயரும். கைத்தொலைபேசி பழுதாகிவிட்டதென அஞ்ச வேண்டாம். மின்னேற்றி வழியாக ஒன்றும் ஒலிவடம் வழியாக ஒன்றுமாக இரண்டு புவி இணைப்புகள் சேர்ந்து வளையமாகிவிடுகின்றன. காரின் மின்னாக்கி எழுப்பும் இரைச்சல் அவ்வளையம் வழியே ஒலியில் கலக்கிறது. மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் இதுவே. ஒலிவடத்தின் நடுவே பொருத்தும் சிறு மின்மாற்றித் தடுப்பான் அதைத் தீர்க்கும்.

எந்த ரேடியோவுக்கு எது?

1. ஒலிநாடா மட்டும் உள்ள ரேடியோ: ஒலிநாடா மாற்றி.

2. குறுந்தட்டு மட்டும் உள்ளது: ரேடியோவின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் ஒலி உள்ளீடு பின்னால் மறைந்திருக்கும். இல்லையெனில் பண்பலை பரப்பி. ஆனால், கோலாலம்பூரில் காலியாக இருக்கும் அலைவரிசை ஈப்போவை நெருங்கும்போது காலியாக இராது. மின்னலும் ராகாவும் இடையில் புகுந்துவிடும்.

3. ஒலித்துளை உள்ளது: சில்லு உள்ள மாற்றி அல்லது புளூடூத் ஏற்பி.

4. யூ.எஸ்.பி. துளை உள்ளது: ஃபேட் 32 விரலி நினைவகம்.

5. 30 முனை வடம் உள்ளது: பழைய ஐபாட் வீட்டில் இருந்தால் அதையே காருக்கென ஒதுக்கிவிடலாம்.

‘கம்பியில்லாக் கார்பிளே பெட்டி’ என்று விற்கப்படும் சிறு கருவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அவற்றுள் பெரும்பாலானவை, வடம் வழியாகக் கார்பிளே இயங்கும் வசதி ஏற்கெனவே உள்ள கார்களுக்கு மட்டுமே. கார்பிளே வந்ததே 2014இல்தான். அதற்கு முந்திய ரேடியோவில் அப்பெட்டியைச் செருகினால் பயன் இராது.

முடிவுரை

எதை வாங்குமுன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒலியை மாற்றும் சில்லு எங்கே இருக்கிறது? கட்டளையை யார் புரிந்துகொள்கிறார்? மூன்றாம் கேள்விக்கு ‘எவருமில்லை’ என்பது விடையானால், பாடலை மாற்ற ஓட்டுநர் கைத்தொலைபேசியைத் தொட வேண்டிவரும். வண்டி ஓடும்போது கைத்தொலைபேசியைக் கையில் எடுப்பது மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் குற்றம். அதைவிட, உயிருக்கே ஆபத்து. புறப்படுமுன் பாடல் வரிசையை அமைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இறுதியாக ஒன்று. வீட்டில் அப்பாவோ அம்மாவோ ‘ஏன் பாட்டு வரவில்லை?’ என்று கேட்டால், ‘உங்களுக்குப் புரியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். மின்சாரம், ஒலி, கட்டளை என்ற மூன்று சொற்களைக் கொண்டு தமிழிலேயே விளக்கிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியும். விளக்குவதற்குள் நமக்கும் இன்னும் தெளிவாகப் புரிந்துவிடும்.